கையடக்கத் தொலைபேசியைத் தேடும் செலவைக் குறைத்தல்: வலயம் வகுப்பதற்கான முழுமையான வழிகாட்டி, திருகோணமலையை முன்வைத்து

திருகோணமலை பஸ் நிலையத்தில் நிற்கும் ஒருவரின் கையடக்கத் தொலைபேசி, பேச்சோ இணையப் பாவனையோ இன்றிச் சட்டைப்பையில் கிடக்கும்போது, அது அந்த நிமிடம் எந்தக் கோபுரத்தின் கீழ் இருக்கிறது என்பது வலையமைப்புக்குத் தெரியாது. பல கோபுரங்களை உள்ளடக்கிய ஒரு பரப்பும், அந்தத் தொலைபேசி கடைசியாகத் தொடர்பு கொண்ட இடமும் மாத்திரமே அதன் பதிவேட்டில் இருக்கும். அழைப்பொன்று வந்த பிறகுதான் அந்தப் பரப்பு முழுவதிலும் தேடல் தொடங்குகிறது. தேடுவதற்கு ஆகும் செலவையும், தேட வேண்டிய பரப்பைத் தெரிந்துவைத்திருப்பதற்கு ஆகும் செலவையும் ஒருசேரக் குறைப்பது எப்படி என்பதே இவ்வழிகாட்டியின் பொருள். தொலைத்தொடர்பு கற்கும் மாணவர்களையும், வலையமைப்புத் திட்டமிடலில் புதிதாகச் சேர்ந்திருப்பவர்களையும் மனத்திற்கொண்டு எழுதுகிறேன். உதாரணங்களுக்குத் திருகோணமலை மாவட்டத்தின் நிலத்தையும் நீரையும் எடுத்துக்கொள்கிறேன். இங்கே வரும் எல்லைகள் பயிற்சிக்காக நான் வரைந்தவை. எந்தச் சேவை வழங்குநரின் உண்மையான திட்டமும் அல்ல.

முதலில் அறிய வேண்டிய இரண்டு செலவுகள்

ஒரு கோபுரத்தின் ஒரு அன்ரனா சேவை வழங்கும் பரப்பை செல் என்கிறோம். அடுத்தடுத்த பல செல்கள் சேர்ந்தது ஒரு வலயம். 2ஜி, 3ஜி வலையமைப்புகளில் இதற்கு லொக்கேஷன் ஏரியா என்றும் 4ஜி, 5ஜி வலையமைப்புகளில் ட்ராக்கிங் ஏரியா என்றும் பெயர். வேறுபாடு முக்கியமான இடங்களைத் தவிர, இரண்டையும் வலயம் என்றே குறிப்பிடுகிறேன். ஒவ்வொரு செல்லும் தன் வலயத்தின் அடையாளத்தை இடைவிடாமல் ஒலிபரப்பிக்கொண்டிருக்கும். அந்த அடையாளம் நாட்டுக் குறியீடு, வலையமைப்புக் குறியீடு, வலய எண் ஆகிய மூன்றும் சேர்ந்தது. இலங்கையின் நாட்டுக் குறியீடு 413. தொலைபேசி தான் கடைசியாகப் பதிந்த வலயத்தின் அடையாளத்தை நினைவில் வைத்திருந்து, காதில் விழுவது வேறாக இருந்தால் உடனே வலையமைப்புக்கு அறிவிக்கும். இதுவே இடப்பதிவு.

இடப்பதிவு பார்வைக்குச் சிறியது, உள்ளே பெரியது. தொலைபேசி முதலில் ஒரு வானொலித் தொடர்பைக் கேட்டுப் பெற வேண்டும். பிறகு தான் யார் என்று நிரூபிக்க வேண்டும். மறைகுறியாக்கம் தொடங்க வேண்டும். புதிய தற்காலிக அடையாளம் ஒன்று வழங்கப்பட வேண்டும். புதிய வலயம் வேறொரு பதிவேட்டின் பொறுப்பில் இருந்தால், 2ஜி இன் ஜி.எஸ்.எம் முறையில் அந்தப் பதிவேடு (தன் பகுதிக்கு வந்திருப்போரைக் குறித்துவைக்கும் இதற்கு வி.எல்.ஆர் என்று பெயர்) தலைமைப் பதிவேடான எச்.எல்.ஆருக்குச் செய்தி அனுப்பி, பழைய வி.எல்.ஆரிலிருந்து பெயரை நீக்கச் செய்ய வேண்டும். பத்துக்கும் மேற்பட்ட செய்திகள் இப்படிப் போய்வருகின்றன. அத்தனைக்கும் தொலைபேசியின் பற்றரியும் சேர்ந்தே செலவாகிறது.

மற்றச் செலவு பேஜிங். திருவிழாக் கூட்டத்தில் காணாமற்போனவரை ஒலிபெருக்கியில் பெயர் சொல்லி அழைப்பதைப் போல, வலயத்தின் எல்லாச் செல்களும் ஒரே நேரத்தில் அந்தத் தொலைபேசியின் அடையாளத்தைச் சொல்லி அழைக்கும். ஓர் அழைப்புச் செய்தி மிகச் சிறியது. ஆனால் வலயத்தில் அறுபது செல்கள் இருந்தால் அறுபதிலும் அது ஒலிக்க வேண்டும். அவற்றுள் ஐம்பத்தொன்பதில் ஒலிப்பது வீண்.

ஒவ்வொரு செல்லையும் ஒரு வலயமாக்கினால் பேஜிங் ஏறக்குறைய இல்லாமற்போகும். ஆனால் உவர்மலையிலிருந்து கடைத்தெருவுக்கு இறங்கிவருபவர் வழிநெடுக இடப்பதிவு செய்துகொண்டே வருவார். முழு இலங்கையையும் ஒரே வலயமாக்கினால் இடப்பதிவு ஒழியும். ஆனால் மூதூரில் ஒருவருக்கு வரும் அழைப்பு மாத்தறையிலும் ஒலிக்கும். வேலை முழுவதும் இவ்விரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

படி ஒன்று: வரைவதற்கு முன் அளத்தல்

வரைபடத்தை விரித்துக் கோடு போடத் தொடங்குவதுதான் புதியவர்கள் வழக்கமாகச் செய்வது. அதற்கு முன் மூன்று தரவுகள் கையில் இருக்க வேண்டும். எந்தச் செல்லிலிருந்து எந்தச் செல்லுக்கு எத்தனை கைமாற்றங்கள் (தொடர்பு அறாமல் தொலைபேசி அடுத்த செல்லுக்கு மாற்றப்படுவது) நடக்கின்றன என்ற அட்டவணை முதலாவது. ஒவ்வொரு செல்லிலும் மணித்தியாலத்துக்கு எத்தனை இடப்பதிவு முயற்சிகள் நடக்கின்றன என்பது இரண்டாவது. ஒவ்வொரு வலயத்திலும் மிகவும் நெரிசலான மணித்தியாலத்தில் எத்தனை பேஜிங் செய்திகள் எழுகின்றன என்பது மூன்றாவது. கைமாற்றம் என்பது பேச்சிலோ இணையத்திலோ இருக்கும் தொலைபேசிகளின் நகர்வை மட்டுமே காட்டும். சும்மா இருக்கும் தொலைபேசிகளே எண்ணிக்கையில் அதிகம். ஆகவே கைமாற்ற அட்டவணையை மக்களின் போக்குவரத்துக்கு ஒரு நிழலாகக் கொள்ளலாமே தவிர, அதையே போக்குவரத்தாகக் கொள்ளலாகாது.

பருவத்தையும் கவனிக்க வேண்டும். நிலாவெளியிலும் உப்புவெளியிலும் சுற்றுலாப் பயணிகள் நிறையும் ஆண்டின் நடுமாதங்களில் எடுத்த தரவும், வடகீழ்ப் பருவமழை பெய்யும் மார்கழியில் எடுத்த தரவும் ஒன்றாக இருக்கப்போவதில்லை. சிவராத்திரியன்று திருக்கோணேச்சரத்துக்கு வருவோர் அனைவரும் பிரெட்ரிக் கோட்டை வாசல் வழியாகவே உள்ளே போகிறார்கள். கோட்டைக்கு உள்ளே உள்ள செல் ஒரு வலயத்திலும் வெளியே உள்ளது வேறொரு வலயத்திலும் இருந்தால், அந்த வாசல் ஒரு பதிவு அலுவலகமாகிவிடும். சராசரி நாளின் தரவு இதைக் காட்டாது.

படி இரண்டு: வலயத்தின் பருமனை மதிப்பிடல்

இங்கே சிறிது கணக்கு வேண்டும். மக்கள் எல்லாத் திசைகளிலும் சமமாக நகர்கிறார்கள் என்று கொள்ளும் திரவ ஓட்ட மாதிரியின்படி, ஒரு வலயத்தின் எல்லையை ஒரு மணித்தியாலத்தில் கடப்போரின் எண்ணிக்கை, மக்கள் அடர்த்தி, சராசரி வேகம், எல்லையின் நீளம் ஆகிய மூன்றையும் பெருக்கிப் பை (π) என்ற மாறிலியால் வகுத்து வருவது. இதை ஆளுக்கு ஒன்றாக மாற்றினால், வலயம் பெரிதாகும்போது இடப்பதிவுச் செலவு செல் எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு நேர்மாறாகக் குறைகிறது. பேஜிங் செலவோ செல் எண்ணிக்கைக்கு நேராகவே ஏறுகிறது. இரண்டின் கூட்டுத்தொகை மிகக் குறைவாக வரும் இடத்தைக் கண்டால் போதும்.

சதுர வலயத்துக்கு விடை இப்படி வரும். இடப்பதிவு ஒன்றின் செலவு, சராசரி வேகம், 2 என்ற எண் ஆகிய மூன்றையும் பெருக்குங்கள். அதைப் பை, செல்லின் பக்க நீளம், ஒரு செல்லில் ஒரு பேஜிங்குக்கு ஆகும் செலவு, ஆளுக்கு மணித்தியாலத்தில் வரும் பேஜிங் எண்ணிக்கை ஆகியவற்றின் பெருக்கத்தால் வகுங்கள். வரும் ஈவை 2/3 என்ற அடுக்குக்கு உயர்த்தினால் வருவதே உகந்த செல் எண்ணிக்கை. நிற்பவர்களையும் சேர்த்த சராசரி வேகம் மணித்தியாலத்துக்கு 3 கிலோமீற்றர், செல்லின் பக்கம் 1 கிலோமீற்றர், ஓர் இடப்பதிவு ஒரு செல்லின் ஒரு பேஜிங்கைப் போல நூறு மடங்கு செலவானது, ஆளுக்கு மணித்தியாலத்துக்கு 2 அழைப்புகள் என்று எடுத்துக்கொண்டால் விடை ஏறத்தாழ 21 செல்கள். இப்போது அழைப்புகளை 2 இலிருந்து 20 ஆக்கிப் பாருங்கள்: விடை நான்கரைக்கு இறங்குகிறது. வட்ஸ்அப், வைபர், முகநூல் அறிவிப்புகள் ஒவ்வொன்றும் தூங்கும் தொலைபேசியை எழுப்பும் ஒரு பேஜிங் என்பதை நினைத்தால், பேச்சுக்காக மட்டும் வகுத்த பழைய வலயங்களை ஸ்மார்ட்போன் காலத்தில் ஏன் மீள ஆராய வேண்டியிருக்கிறது என்பது விளங்கும்.

ஆனால் இந்த விடையைத் தசம தானங்கள் வரை நம்பிவிட வேண்டாம். உகந்த இடத்தில் இடப்பதிவுச் செலவு பேஜிங் செலவின் இரு மடங்காக இருக்கும். பேஜிங் 1 என்றால் மொத்தம் 3. வலயத்தை இரு மடங்கு பெரிதாக்கினால் பேஜிங் 2, இடப்பதிவு ஏறத்தாழ 1.41, மொத்தம் 3.41. பாதியாகச் சுருக்கினால் 0.5 உம் 2.83 உம் சேர்ந்து 3.33. அதாவது பருமனில் இரு மடங்கு பிழைத்தாலும் மொத்தச் செலவு 14 வீதத்துக்கு மேல் ஏறுவதில்லை. வளைகோடு அடியில் தட்டையானது. ஆகவே எத்தனை செல்கள் என்பதில் மண்டையை உடைப்பதைவிட, எல்லைக் கோடு எங்கே ஓடுகிறது என்பதில் நேரத்தைச் செலவிடுவதே பயன் தரும். திரவ மாதிரி எல்லையின் ஒவ்வொரு மீற்றரையும் சமமாகக் கருதுகிறது. உண்மையில் காட்டுக்குள் ஓடும் பத்துக் கிலோமீற்றர் எல்லையை எவரும் கடப்பதில்லை, பாலத்தின் மேல் ஓடும் பத்து மீற்றரை ஊரே கடக்கிறது.

படி மூன்று: பேஜிங் கொள்ளளவை மீறாதிருத்தல்

மேல் எல்லை ஒன்று உண்டு. 4ஜி இல் ஒரு பேஜிங் செய்தி அதிகபட்சம் 16 தொலைபேசிகளின் அடையாளத்தைச் சுமக்கும். 10 மில்லிசெக்கனுக்கு ஒரு பேஜிங் வாய்ப்பு என்று அமைத்திருந்தால், ஒரு செல்லில் செக்கனுக்கு 1600 பேரை அழைக்கலாம் என்று ஏட்டில் வரும். ஒவ்வொரு தொலைபேசியும் தன் அடையாள எண்ணைப் பொறுத்துத் தனக்குரிய வாய்ப்பில் மட்டுமே விழித்துக் கேட்கும் என்பதால், சில வாய்ப்புகள் நிரம்பி வழியும்போது சில வெறுமையாக இருக்கும். நெரிசல் நேரத்தில் ஏட்டுக் கணக்கின் பாதியைத் தாண்டாமல் திட்டமிடுவது என் பரிந்துரை. கவனிக்க வேண்டியது: வலயத்தில் எழும் பேஜிங் முழுவதும் அதிலுள்ள மிகச் சிறிய செல்லிலும் ஒலிக்கும் என்பதால், கொள்ளளவில் மெலிந்த செல்லே வலயத்தின் பருமனைத் தீர்மானிக்கும்.

படி நான்கு: எல்லையை வரைதல்

விதி ஒன்றே: மக்கள் நகரும் வழிக்குக் குறுக்கே எல்லை போடாதீர்கள், போட்டேயாக வேண்டுமானால், நகர்வு மிகக் குறைந்த இடத்தில் போடுங்கள். நகரத்தின் நடுவிலோ, பஸ் நிலையத்திலோ, சந்தையிலோ, வைத்தியசாலைக்கு முன்னாலோ எல்லை ஓடினால், ஒரே இடத்தில் நிற்கும் தொலைபேசிகூட இரண்டு செல்களின் சிக்னல் மாறிமாறி ஓங்குவதால் அங்கும் இங்கும் பதிவு செய்துகொண்டிருக்கும். இந்தத் தள்ளாட்டமே இடப்பதிவுச் செலவின் மிகப் பெரிய கள்ளன்.

திருகோணமலையை எடுத்துக்கொள்வோம். நகரத்திலிருந்து வெளியேறும் பெரிய வழிகள் நான்கு: கந்தளாய், ஹபரணை வழியாகச் செல்லும் ஏ-6, ஹொரவப்பொத்தானை வழியாக அனுராதபுரத்துக்குச் செல்லும் ஏ-12, கிண்ணியா, மூதூர் வழியாக மட்டக்களப்புக்குச் செல்லும் ஏ-15, நிலாவெளி, குச்சவெளி வழியாகப் புல்மோட்டைக்குச் செல்லும் கரையோர வீதி. ஏ-6 இல் கந்தளாயைத் தாண்டி ஹபரணைக்குப் போகும் வழியில் குடியிருப்புகள் அருகுகின்றன. அங்கே எல்லை வைக்கலாம். ஏ-12 இல் கன்னியாவைத் தாண்டிய பிறகு, காடு தொடங்கும் இடத்தில் வைக்கலாம். வடக்கே குச்சவெளிக்கும் புல்மோட்டைக்கும் இடையில் வைக்கலாம். நிலாவெளிக்கும் உப்புவெளிக்கும் இடையில் வைப்பது தவறு, ஏனெனில் விடுதிகளில் வேலை செய்வோரும் பயணிகளும் நாள் முழுவதும் அவ்வழியே போய்வருகிறார்கள். தம்பலகாமம் நகர வலயத்தோடு சேர வேண்டுமா, கந்தளாயோடு சேர வேண்டுமா என்பதை வரைபடம் சொல்லாது. கைமாற்ற அட்டவணை சொல்லும்.

கிண்ணியா தனியாகப் பேச வேண்டிய இடம். 2009 இல் பாலம் திறக்கப்படும் வரை அங்கே ஏரிவாயை மிதவைப் பாதையில்தான் கடக்க வேண்டியிருந்தது. மிதவை ஏற்றிச்செல்வது எத்தனை பேரோ அத்தனை பேர்தான் கடக்க முடியும். அந்தக் காலத்தில் நீரின் மேல் எல்லை வைப்பது இயல்பான முடிவாகவே இருந்திருக்கும். பாலம் வந்த பிறகு வேலைக்கும் படிப்புக்கும் வைத்தியத்துக்கும் நகரத்துக்குப் போய்வருவது அன்றாட நடையாகிவிட்டது. அதே நீரின் மேல் அதே கோடு இன்று இருந்தால், ஒருவர் நாளொன்றுக்கு இருமுறையாவது அதைக் கடப்பார். ஆகவே கிண்ணியாவையும் சீனன்குடாவையும் நகரத்தோடு ஒரே வலயத்தில் வைத்து, தெற்கு எல்லையைக் கிண்ணியாவுக்கும் மூதூருக்கும் இடையில், குடிசன அடர்த்தி குறைந்த பகுதிக்குத் தள்ளுவேன். மூதூர், தோப்பூர், சேருவில, வெருகல் ஆகியவை தெற்கு வலயமாகட்டும். வீதியோ பாலமோ திறக்கப்படும் ஒவ்வொரு முறையும் வலய வரைபடத்தை மேசைக்கு எடுக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டியதில்லை.

அடுத்தது நீர். நிலத்தில் மரமும் கட்டடமும் மேடும் சிக்னலை அடக்கிவைக்கும். கொட்டியாரக் குடாவின் மேல் அடக்க ஒன்றுமில்லை. மூதூர்க் கரையை நோக்கி நிற்கும் அன்ரனாவின் சிக்னல் நீரைத் தாண்டித் திருகோணமலைக் கரையிலும், இங்குள்ளது அங்கும் கேட்கக்கூடும். கரையில் உட்கார்ந்திருப்பவரின் தொலைபேசி ஓர் அடி நகராமலேயே தெற்கு வலயத்துக்கும் நகர வலயத்துக்கும் மாறிமாறிப் பதியும்; அவருக்குத் தெரிவதெல்லாம் பற்றரி வேகமாக இறங்குவது மட்டுமே. இதற்கு மூன்று மருந்துகள் உண்டு. அன்ரனாவைச் சில பாகை கீழே சாய்த்துச் சிக்னல் குடாவைத் தாண்டாமற் செய்வது முதலாவது. சிறந்ததும் அதுவே, ஆனால் படகில் இருப்பவர்களுக்கு சேவை குறையும். இரண்டாவது, 2ஜி இல், வேறு வலயத்தின் செல்லுக்கு மாறும்போது மட்டும் செயற்படும் மீள்தேர்வுத் தயக்க அளவு, அதாவது புதிய செல்லின் சிக்னல் இவ்வளவு ஓங்கியிருந்தால் மட்டுமே மாற வேண்டும் என்ற அளவு. அதை 0 முதல் 14 டெசிபெல் வரை, இரண்டிரண்டாகக் கூட்டலாம். கூட்டக் கூட்டத் தள்ளாட்டம் குறையும், ஆனால் மெலிந்த செல்லைத் தொலைபேசி நெடுநேரம் பற்றிக்கொண்டிருக்கும். குடாவைப் பார்க்கும் மூதூர்ச் செல்களை மட்டும் நகர வலயத்தில் சேர்த்துவிடுவது மூன்றாவது. அப்போது எல்லை மூதூருக்குள்ளேயே வந்துவிடும் என்பதால், அதை நான் கடைசியாகவே நாடுவேன்.

2ஜி அல்லது 3ஜி வலயத்தின் எல்லையும் 4ஜி வலயத்தின் எல்லையும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்த வேண்டும். 4ஜி வழியாகப் பேசும் வசதியில்லாத தொலைபேசிக்கு அழைப்பு வரும்போது அது பழைய வலையமைப்புக்கு இறங்கிப் பதிலளிக்கும். இறங்கும் இடத்தின் வலயம், பதிவேட்டில் உள்ளதிலிருந்து வேறாக இருந்தால், மணி ஒலிப்பதற்கு முன் இன்னோர் இடப்பதிவு செய்ய வேண்டியிருக்கும். அழைத்தவர் சில செக்கன்கள் வெறுமையைக் கேட்டுக்கொண்டிருப்பார். சில வேளை அழைப்பே விழுந்துவிடும்.

படி ஐந்து: பட்டியல் கொடுத்து எல்லையை மென்மையாக்கல்

4ஜி ஒரு நல்ல விடுதலையைக் கொண்டுவந்தது. ஒரு தொலைபேசிக்கு ஒரே வலயம் என்றில்லாமல், 16 வலயங்கள் வரை கொண்ட பட்டியல் ஒன்றை வலையமைப்பு கொடுக்கலாம்; பட்டியலுக்குள் எங்கு போனாலும் தொலைபேசி பதிவு செய்ய வேண்டியதில்லை. ஆகவே வலயங்களைச் சிறிதாக வகுத்துவிட்டு, ஆளுக்கேற்பப் பட்டியலைப் பெரிதாக்கலாம். நகரத்தில் கடை வைத்திருப்பவருக்கு இரண்டு வலயங்கள் போதும். ஏ-15 இல் நாளாந்தம் பஸ் ஓட்டுபவருக்கு வெருகல் வரையுள்ள அத்தனையையும் கொடுக்கலாம்.

பட்டியலின் மற்றொரு பயன் பலர் கண்ணில் படுவதில்லை. கொழும்பிலிருந்து இரவு ரயில் விடியற்காலையில் வரும்போது, நூற்றுக்கணக்கான தொலைபேசிகள் ஒரே செக்கனில் ஒரே எல்லையைக் கடக்கின்றன. எல்லைச் செல்லுக்கு அது திடீர் வெள்ளம். பதிவு கேட்டுக் கிடைக்காத தொலைபேசிகள் மீண்டும் மீண்டும் கேட்பதால் வெள்ளம் இன்னும் பெருகும். எல்லாருக்கும் ஒரே பட்டியலைக் கொடுக்காமல், சிலருக்குக் கந்தளாய் வரையும் சிலருக்குத் தம்பலகாமம் வரையும் சிலருக்குச் சீனன்குடா வரையும் என்று மாற்றிக் கொடுத்தால், ஒவ்வொரு தொகுதியும் வேறு வேறு இடத்தில் பதிவு செய்யும். எல்லை ஒரு கோடாக இல்லாமற் பரவிவிடுகிறது. ஒருவர் பதிவு செய்த வலயத்தை எப்போதும் பட்டியலின் நடுவில் வருமாறு அமைத்தால் தள்ளாட்டமும் ஒழியும், ஏனெனில் அவர் திரும்பி வந்தாலும் பழைய வலயம் புதிய பட்டியலிலும் இருக்கும்.

ஆய்வுலகில் இதற்கும் முன்பே, தொலைபேசி தானாக முடிவெடுக்கும் மூன்று முறைகள் பேசப்பட்டன: குறித்த நேரத்துக்கு ஒருமுறை பதிதல், குறித்த எண்ணிக்கையான செல்களைக் கடந்ததும் பதிதல், கடைசியாகப் பதிந்த இடத்திலிருந்து குறித்த தூரம் விலகியதும் பதிதல். பார்-நோய், கெஸ்லர், சிடி ஆகிய மூவர் 1990களின் நடுப்பகுதியில் இவற்றை ஒப்பிட்டு, தாம் ஆராய்ந்த நகர்வு மாதிரிகளில் தூர முறையே மேலானது என்று காட்டினார்கள். கடக்கும் செல்களை எண்ணுவதில் உள்ள குறை எளிது: இரண்டு செல்களுக்கிடையே தள்ளாடும் தொலைபேசியும் எண்ணிக்கையை ஏற்றிக்கொண்டே போகும். தூர முறைக்குத் தொலைபேசி செல்களின் அமைவிடத்தை அறிந்திருக்க வேண்டும் என்பதால் அது அப்படியே நடைமுறைக்கு வரவில்லை. பதிந்த இடத்தை நடுவில் வைத்துக் கொடுக்கும் பட்டியல் அதற்கு மிக அண்மித்தது என்பது என் கருத்து.

படி ஆறு: எல்லாரையும் ஒரேயடியாக எழுப்பாமல் தேடல்

பெரும்பாலான நேரங்களில் பெரும்பாலான மக்கள் கடைசியாக இருந்த இடத்திலேயே இருக்கிறார்கள். ஆகவே முதற் சுற்றில் கடைசியாகத் தொடர்பு கொண்ட செல்லிலும் அதன் அயற்செல்களிலும் மட்டும் அழைத்து, பதில் வராவிட்டால் இரண்டாம் சுற்றில் முழுப் பட்டியலிலும் அழைக்கலாம். பட்டியலில் 60 செல்கள், முதற் சுற்றில் 7 செல்கள், அங்கேயே அகப்படும் வாய்ப்பு 75 வீதம் என்று வைத்துக்கொண்டால், சராசரியாக 7 உடன் 60 இன் காற்பங்கு சேர்ந்து 22 செல்களில் மட்டுமே பேஜிங் ஒலிக்கும். மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூட.

விலை தாமதம். தூங்கும் தொலைபேசி விழித்துக் கேட்கும் இடைவெளி 4ஜி இல் 0.32, 0.64, 1.28, 2.56 செக்கன் என்ற நான்கில் ஒன்று. இடைவெளி 1.28 ஆக இருந்தால், முதற் சுற்றில் அகப்படாதவரை அடைய அதற்கும் கூடுதலான நேரம் காத்திருந்துதான் இரண்டாம் சுற்றுக்குப் போக முடியும். வட்ஸ்அப் செய்தி மூன்று செக்கன் பிந்தி வந்தால் எவரும் கவனிக்கமாட்டார்கள். அழைத்தவர் காதில் தொலைபேசியோடு காத்திருக்கும்போது அது பெரிய நேரம். ஆகவே பேச்சழைப்புக்கு முதலிலேயே விரிந்த தேடலும், தரவுச் செய்திக்குப் படிப்படியான தேடலும் என்று கொள்கையைப் பிரித்துவிடுங்கள். பேஜிங்கின் பெரும்பகுதி தரவிலிருந்தே எழுவதால், சேமிப்பு பெரிதாக இழக்கப்படாது.

படி ஏழு: கால இடைவெளிப் பதிவு, அல்லது கடலுக்குப் போனவரின் கணக்கு

எல்லையைக் கடக்காவிட்டாலும் தொலைபேசி குறித்த காலத்துக்கு ஒருமுறை நான் இருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். 2ஜி இல் டி3212 என்ற கடிகாரம் இதை ஆள்கிறது. அதன் அலகு 6 நிமிடம், உச்சம் 255 அலகுகள், அதாவது 25 மணித்தியாலமும் 30 நிமிடமும். 4ஜி இல் டி3412 இன் வழமையான பெறுமதி 54 நிமிடம். தொலைபேசி அதற்குள் பேசாவிட்டால், வலையமைப்பு வழமையாக இன்னும் 4 நிமிடம் பொறுத்துவிட்டுப் பேஜிங்கை நிறுத்தும்.

இந்தக் கடிகாரத்தை எங்கே வைப்பது என்பதைத் திருகோணமலையின் மீன்பிடிப் படகுகள் நன்றாக விளக்குகின்றன. கரையை விட்டு வெளியேறும் படகில் உள்ள தொலைபேசி ஒரு கட்டத்தில் சிக்னலை இழக்கும். வழக்கமான ஜி.எஸ்.எம் அமைப்பில், சிக்னல் எட்டினாலும் நேரக் கணிப்பின் வரம்பு காரணமாக ஏறத்தாழ 35 கிலோமீற்றருக்கு அப்பால் சேவை கிடையாது. தொலைபேசி அணைக்கப்படும்போது விடைபெறும் செய்தி அனுப்பும். சிக்னலை இழக்கும்போது அதற்கு வழியில்லை. ஆகவே வலையமைப்பு அதை இன்னும் கரையில் இருப்பதாகவே நம்பும். வீட்டிலிருந்து மனைவி எடுக்கும் ஒவ்வோர் அழைப்புக்கும் எல்லாச் செல்களிலும் பேஜிங் ஒலித்து, பதிலின்றி மறுபடி ஒலித்து ஓயும். கடிகாரம் 54 நிமிடமாக இருந்தால், சராசரியாக அதன் பாதியும் அந்த 4 நிமிடமும், அதாவது ஏறத்தாழ அரை மணித்தியாலம், இந்த வீண் தேடல் நீடிக்கும். 2ஜி இல் 6 மணித்தியாலமாக வைத்திருந்தால் சராசரி 3 மணித்தியாலமும் அதற்கு மேலும். பேஜிங் வெற்றி வீதம் மற்ற இடங்களைவிட மீன்பிடித் துறைகளில் குறைவாக இருந்தால், கோபுரத்தைச் சந்தேகிப்பதற்கு முன் இந்தக் கடிகாரத்தைப் பாருங்கள். கடிகாரத்தைக் குறைத்தால் மாவட்டத்தில் அசையாமல் வீட்டிலிருக்கும் அத்தனை தொலைபேசிகளும் அடிக்கடி பதிய வேண்டியிருக்கும் என்பதால், கரையோர வலயத்துக்கு மட்டும் தனிப் பெறுமதி கொடுப்பது நியாயமான சமரசம்.

இடையில் ஒரு எச்சரிக்கை. பதிவேட்டில் உள்ள கடைசிச் செல், கடைசி நேரம் ஆகியவை ஆளைக் கண்டுபிடிக்கும் கருவியல்ல. கடலில் வழிதவறியவரை அதை வைத்துத் தேட முடியாது, படகுக்கு வீ.எச்.எப் வானொலியும் ஜி.பி.எஸ்ஸும் வேண்டும்.

மீற்றர்கள், நீர்மட்ட அளவிகள் போன்ற ஆளில்லாக் கருவிகளுக்கு வேறு கணக்கு. அவை நகர்வதில்லை, அழைப்பும் அரிது. கந்தளாய்க் குளத்தின் அணைக்கட்டில் வைக்கும் அளவியை 54 நிமிடத்துக்கு ஒருமுறை எழுப்புவதில் அர்த்தமில்லை. இத்தகைய கருவிகளுக்கென்றே உள்ள நெரோபாண்ட் ஐ.ஓ.ரி முறையில் விழித்துக் கேட்கும் இடைவெளியை ஏறத்தாழ 2.9 மணித்தியாலம் வரை நீட்டலாம். ஆழ்ந்த தூக்க நிலையில் விட்டால், அது தானாக விழித்துப் பேசும் வரை பேஜிங்கே கிடையாது. 5ஜி இல் தூக்கத்துக்கும் தொடர்புக்கும் இடைப்பட்ட நிலையொன்று உண்டு. அதில் இருக்கும் தொலைபேசியை மைய வலையமைப்பைக் கேளாமல் கோபுரங்களே தமக்குள் சிறு பரப்பொன்றில் தேடிக்கொள்ளும். அப்பரப்பையும் நான்காம் படியின் அதே விதிப்படியே வகுக்க வேண்டும்.

படி எட்டு: களத்தில் சரிபார்த்தல்

மாற்றத்தை முழு மாவட்டத்திலும் ஒரே நாளில் செய்ய வேண்டாம். ஓர் எல்லையை மட்டும், நள்ளிரவுக்குப் பின், பழைய அமைப்பைக் கையில் வைத்துக்கொண்டு மாற்றுங்கள். மாற்றிய கணத்தில் அந்தச் செல்களில் இருக்கும் தொலைபேசிகள் எல்லாம் புதிய அடையாளத்தைக் கேட்டுப் பதியத் தொடங்கும் என்பதால், முதல் மணித்தியாலத்தின் எண்களை ஒதுக்கிவிட்டு, முழு வாரத்தை மாற்றத்துக்கு முந்திய அதே வாரநாட்களோடு ஒப்பிடுங்கள். பார்க்க வேண்டியவை: ஆளுக்கு மணித்தியாலத்துக்கு எத்தனை இடப்பதிவுகள், பேஜிங் வெற்றி வீதம், நிரம்பியதால் கைவிடப்பட்ட பேஜிங் செய்திகள், சில நிமிடங்களுக்குள் ஒரு வலயத்திலிருந்து மற்றதற்குப் போய்த் திரும்பிய பதிவுகள். கடைசியாகச் சொன்னது தள்ளாட்டத்தின் நேரடி அளவு. எல்லையை நகர்த்திய பிறகும் அது குறையாவிட்டால், எல்லை தவறான இடத்துக்கே போயிருக்கிறது.

சேவை வழங்குநரின் கணினியை அணுக முடியாத மாணவரும் பாதி வேலையைச் செய்யலாம். பல அண்ட்ரொயிட் தொலைபேசிகளில் *#*#4636#*#* என்று அழுத்தினால் சோதனைப் பக்கம் திறக்கும், ஐபோனில் *3001#12345#*. செல் எண்ணையும் வலய எண்ணையும் காட்டும் இலவசச் செயலிகளும் உண்டு. அதைத் திறந்துவைத்துக்கொண்டு மூதூர் பஸ்ஸில் ஏறுங்கள். சீனன்குடா, கிண்ணியாப் பாலம் என்று ஒவ்வோர் இடத்திலும் வலய எண் மாறுகிறதா என்று நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். திரும்பும்போதும் குறியுங்கள், போகும்போது மாறிய இடமும் வரும்போது மாறும் இடமும் ஒன்றாக இருக்காது, அவ்விடைவெளிதான் தயக்க அளவு களத்தில் தெரியும் விதம். அடுத்து, குடாக் கரையில் ஒரே இடத்தில் அரை மணித்தியாலம் அமர்ந்து, நகராமலேயே எண் எத்தனை தரம் மாறுகிறது என்று எண்ணுங்கள். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: 4ஜி இல் திரையில் வலய எண் மாறுவதாலேயே இடப்பதிவு நடந்துவிட்டதாகக் கொள்ள முடியாது; புதிய எண் தொலைபேசிக்குக் கொடுத்த பட்டியலுக்குள் இருந்தால், அது ஒன்றும் சொல்லாமல் கடந்துபோயிருக்கும். அதை உறுதிப்படுத்த, சிக்னல் செய்திகளைப் பதிவு செய்யும் மென்பொருள் கொண்ட சோதனைத் தொலைபேசி வேண்டும், அல்லது வலையமைப்பின் பக்கத்து எண்ணிக்கைகள் வேண்டும்.